கறுப்பாயிருப்பதெல்லாம் பழசு

ரூபர்ட் ஆஷ்வெல் தன் வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்னால் மோந்து பார்க்கச் சொல்வான். உட்கார நாற்காலி கிடையாது என்பது வேறு விஷயம். கூடத்தின் நடுவில் ஓர் ஏணி நிரந்தரமாகச் சாத்தியிருக்கும். வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதில் ஏறி, மாடித் தளத்து ஓட்டை வழியாக மேலே போய், கூரையைத் தாங்கி நிற்கும் கன்னங்கரிய உத்தரத்தில் மூக்கை வைத்து இழுக்க வேண்டும். "அறுநூறு வருஷப் புகை," என்பான் ரூபர்ட் கீழேயிருந்து, தானே அறுநூறு வருஷம் அடுப்பு ஊதியவனைப் போல. மார்ல்டென் ஊர்ப் பாதிரியாரிலிருந்து தபால்காரி வரை எல்லாரும் ஏறி மோந்து பார்த்துவிட்டு, ஆமாம், ஏதோ வாசனை வருகிறது என்று சொல்லி இறங்கியிருக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் பொய் சொல்வது பெரும்பாலும் அடுத்தவர் வீட்டைப் பற்றித்தான்.

ஹிலரிக்கு அது தார் வாசனையாகத்தான் பட்டது. அவளை யாரும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் ரூபர்ட்டின் மனைவியாக இருந்ததில், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவளிடம் எப்போதோ போய்விட்டது.

ரூபர்ட் லண்டனில் காப்பீட்டுக் கம்பெனி நடத்தியவன். அடுத்தவர் வீடு எரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தே சம்பாதித்தவன். அறுபது வயதானதும் சொந்தமாக ஒரு பழைய வீடு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, கென்ட் மாவட்டத்தின் ஓரத்தில் இந்த மரவீட்டைப் பிடித்தான். யாரோ ஒரு வசதியான விவசாயி ஆயிரத்து நானூறுகளில் கட்டியது. அப்போதெல்லாம் வீடு என்றால் தரையிலிருந்து கூரை வரை ஒரே பெரிய கூடம். நடுத்தரையில் நெருப்பு. புகை தனக்குப் பிடித்த வழியில் வெளியே போகும், பிடிக்காவிட்டால் உள்ளேயே இருக்கும். அதற்கப்புறம் நூற்றைம்பது வருடம் கழித்து வந்த ஒரு மனிதர், கண் எரிச்சல் தாங்காமல் ஒரு புகைபோக்கி கட்டி, கூடத்தின் பாதி உயரத்தில் ஒரு தளம் போட்டு, மாடியில் படுக்கை அறைகள் அமைத்துக்கொண்டார். அந்த வீட்டின் சரித்திரத்திலேயே புத்தியுள்ள ஆள் அவர் ஒருவர்தான் என்பது ஹிலரியின் கட்சி. ரூபர்ட்டுக்கு அவர் ஒரு குற்றவாளி.

சண்டை அந்த மாடியைப் பற்றித்தான். ரூபர்ட் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, கூடத்தை மறுபடியும் கூரை வரை திறந்துவிட வேண்டும் என்றான். ஹிலரி அங்கே படுக்க வேண்டும் என்றாள். வீட்டைப் பார்க்க வந்த முதல் நாளே அவள் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். புகைபோக்கியை ஒட்டிய அறை. காலை வெயில் நேராக உள்ளே விழும். ஒரு கட்டில், ஒரு சின்ன இரும்பு அடுப்பு, முழங்கால் வலிக்கு ஒரு வெந்நீர்ப் பை. அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்கு ரூபர்ட் சிரித்தான். உன் படுக்கை அறைக்காக ஒரு சரித்திரத்தை மறைத்து வைப்பதா என்றான். கூடத்தின் கோடியில் பரண் மாதிரி ஒன்று கட்டித் தருகிறேன், ஏணியில் ஏறிக்கொள்ளலாம் என்றான். ஐம்பத்தொன்பது வயதில், அந்த முழங்காலோடு.

மாடிப்படி விக்டோரியா காலத்தது, ரொம்பப் புதுசு என்று முதல் மாதமே பிய்த்தாகிவிட்டது. குளியலறை அதைவிடப் புதுசு, அதுவும் போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் முற்றத்தில் கேரவன் என்கிற சக்கரம் வைத்த வண்டிவீட்டில் குடியிருந்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க, காலையில் எழுந்தால் ஜன்னலின் உள்பக்கம் பனி படிந்திருக்கும். ஹிலரி கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு தூங்கினாள். ரூபர்ட்டுக்குக் குளிரே தெரியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் இருப்பவனுக்கு இந்த நூற்றாண்டின் குளிர் எப்படித் தெரியும்? இரண்டாவது குளிர்காலம் நெருங்கியபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: கிறிஸ்துமஸுக்கு அந்த மாடியில் படுப்பேன், இல்லாவிட்டால் ஹோவ் ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் படுப்பேன்.

படியும் குளியலறையும் புதுசு என்று கவுன்சில் விட்டுவிட்டது, ஆனால் சட்டப்படி மாடியை இஷ்டத்துக்குப் பிய்க்க முடியாது. பாதுகாக்கப்பட்ட வீட்டில் ஆணி அடிக்கக்கூட கவுன்சிலைக் கேட்க வேண்டும். ரூபர்ட் மனுப் போட்டான். பழங்கட்டட அதிகாரி ஜோஸ்லின் கெம்ப் வந்து பார்த்தார். சேறு படிந்த பூட்ஸ் போட்ட, டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு சொந்த ஃபிளாஸ்க்கைத் திறக்கிற அம்மாள். அவர் ஏணியில் ஏறவும் இல்லை, மோந்து பார்க்கவும் இல்லை. கூரை பழசு, தளம் பிற்காலத்தது என்று மரத்தின் வளையங்களை எண்ணி நிரூபியுங்கள், அப்புறம் பேசலாம், அதுவரைக்கும் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரூபர்ட்டின் அகராதியில் 'எதையும்' என்றால் கறுப்பாயிருப்பது எதையும் என்று அர்த்தம். அவனிடம் ஒரே ஒரு விதிதான் இருந்தது. கறுப்பாயிருந்தால் பழசு. வெளுத்திருந்தால் புதுசு. கூரை உத்தரங்கள் கறுப்பு, அவற்றுக்கு முத்தம் கொடுக்காத குறைதான். ஆனால் கூடத்துக்கும் வாசல் நடைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு ஒன்று இருந்தது. சாம்பல் பூத்த நிறம், உடம்பெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. முழங்கால் உயரத்தில் யாரோ கத்தியால் ஓர் ஆட்டைக் கீறியிருந்தார்கள். அது நாய் மாதிரி இருந்தது. அந்தத் தடுப்பு கூடத்தின் அழகைக் கெடுக்கிறது என்று ஆகஸ்ட் மாதத்தில் அதைக் கழற்றி, முற்றத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னான்.

கழற்றியவர் லென் வைபோர்ன், உள்ளூர்த் தச்சர். அதிகம் பேசாதவர். ஒரு பலகையின் அடிப்பாகம் உளுத்துப் போயிருந்ததால் அது ஒரு முழம் முறிந்து வந்துவிட்டது. கேரவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஹிலரி வைக்கிற டீக் கோப்பையெல்லாம் வழுக்கிக்கொண்டிருந்ததால், அந்தத் துண்டைச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து கோப்பை நின்ற இடத்தில் நின்றது. அந்த வீட்டில் ஹிலரிக்காக நடந்த முதல் மராமத்து அதுதான்.

செப்டம்பரில் மரத்தின் வயதைப் பார்க்கிறவர் வந்தார். துளைக்கருவியால் உத்தரத்திலிருந்து பென்சில் கனத்துக்கு மரத்தை உருவி எடுத்தார், பிறகு மாடித் தளத்தின் குறுக்குச் சட்டங்களிலிருந்து. போகிற வழியில் கேரவனைத் தாண்டும்போது நின்றார், குனிந்தார், சக்கரத்தடியில் முட்டுக் கொடுத்திருந்த துண்டைத் தட்டிப் பார்த்தார். "இதையும் கொஞ்சம் எடுத்துக்கவா?" என்று கேட்டார். ரூபர்ட் பெரிய மனசு பண்ணி, விறகெல்லாம் ஆராய்ச்சி செய்வதென்றால் உங்கள் இஷ்டம் என்றான். முடிவு வர எட்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

எட்டு வாரம் முடிவதற்கு முன்னால் நவம்பர் ஐந்து வந்துவிட்டது. அந்த நாளில் மார்ல்டென்னில் திடலின் நடுவில் விறகு மலை குவித்து, உச்சியில் கந்தல் பொம்மை ஒன்றை உட்கார வைத்துக் கொளுத்துவார்கள். நானூறு வருடத்துக்கு முன்னால் ராஜாவை வெடி வைத்துக் கொல்லப் பார்த்தவன் பிடிபட்டதற்காக இன்னும் சந்தோஷப்படுகிற ஜனங்கள். அந்த விறகு மலைக்கு யார் முதல் தீப்பந்தத்தை வைப்பது என்பது ஊரில் பெரிய கௌரவம். பிறந்து வளர்ந்தவர்களுக்கே முப்பது வருடம் காத்திருந்தால்தான் கிடைக்கும். மதுக்கடைக்காரர்தான் விழாக் குழுத் தலைவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூபர்ட்டின் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். தார்ப்பாயை லேசாகத் தூக்கிப் பார்த்தார். இந்த வருடம் மழையில் விறகெல்லாம் ஊறிப்போச்சு, நல்லாக் காய்ந்த மரம் கிடைப்பது கஷ்டமாயிருக்கிறது, அப்படி யாராவது பெரிய மனுஷர் கொடுத்தால் இந்த வருடப் பந்தத்தை அவர் கையில்தான் கொடுப்போம் என்றார்.

ரூபர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றரை வருடமாக மதுக்கடையில் அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோகும். அந்தப் பேச்சுக்குள் போக ஒரு வாசல் திறந்திருக்கிறது, சாவி ஓர் அடுக்கு உளுத்த பலகை. எடுத்துக்கொண்டு போங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டான்.

லென் அவனிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கேரவன் வாசலுக்கு வந்து, பூட்ஸைத் தட்டிக்கொண்டே ஹிலரியிடம் சொன்னார்.

"மேடம், அந்தப் பலகைய எரிக்கறது சரியில்ல. அது ஒண்ணுதான் இந்த வீட்டுல நெசமாவே பழசு."

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். ஓக் மரம் தானா கறுக்காது, வெளுக்கத்தான் செய்யும்னு சொன்னேன். அந்தக் கறுப்பு உத்தரத்துக்குத் தார் பூசினதே எங்க தாத்தாதான்னும் சொன்னேன். பங்குச் சந்தைல சம்பாரிச்ச ஒருத்தர் இந்த வீட்டை வாங்கி, புதுக்கூரை போட்டு, பழசாத் தெரியணும்னு பூசச் சொன்னாராம். அதை நான் வேலைக்கு வந்த முதல் நாளே சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"உள்ளூர்க் கதையெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கும்னு சொல்லி சிரிச்சாரு."

ஹிலரி அப்போதே கூடத்துக்குப் போய்ப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்தப் பலகை நிஜமாகவே பழசு என்றால், ரூபர்ட் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் உட்காருவான், அந்த ஒரு வருடமும் அவள் கேரவனில் குல்லாய் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். போய்த் தொலையட்டும் என்று நினைத்தாள். சொல்லிப் பார்க்கிறேன் என்று லென்னிடம் பொய் சொல்லிவிட்டு, கேரவன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விழா அன்று சாயங்காலம் ஊரே திடலில் கூடியது. வெள்ளித் தாளில் சுற்றிய சுட்ட உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் கைக்குக் கை போயின. ரூபர்ட் கழுத்தில் பட்டுத் துணி சுற்றிக்கொண்டு வந்து, பந்தத்தை உயர்த்தி, பழையன போனால்தான் புதியன வரும் என்கிற மாதிரி நாலு வார்த்தை பேசினான். கைதட்டினார்கள். பிறகு கொளுத்தினான். ஈரவிறகெல்லாம் புகைந்துகொண்டிருக்க, அவன் பலகைகள் மட்டும் ஓசையே இல்லாமல், சுத்தமாக, பொன்நிறமாக எரிந்தன. ஆடு கீறிய பலகை வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி சாய்ந்திருந்தது. தீ அதன் கால் வரை ஏறியபோது ஹிலரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் யாரோ, எவ்வளவு நல்ல மரம், இப்படி எரிகிறதே என்று பாராட்டினார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஜோஸ்லின் கெம்ப் வந்தார். கையில் ஓர் உறை. கூடத்தில் லென் ஜன்னல் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார், போகட்டுமா என்று கேட்டதற்கு அந்த அம்மாள் இருங்கள் என்றுவிட்டார். ரூபர்ட் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றான். மாடி அன்றைக்கே போய்விடும் என்கிற நம்பிக்கையில் ஒரு கடப்பாறையைச் சுவரில் சாத்தி வைத்திருந்தான்.

"கூரை, இருபத்தாறு," என்று படித்தார் கெம்ப்.

"ஆயிரத்து நானூத்தி இருபத்தாறு," என்றான் ரூபர்ட் ஹிலரியின் பக்கம் திரும்பி, பரீட்சையில் பாஸானவன் அம்மாவைப் பார்க்கிற மாதிரி.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்தி இருபத்தாறு. எல்லா உத்தரமும். மேல பூசினது தாரு."

லென் இழைப்பதை நிறுத்தவில்லை. கெம்ப் அடுத்த தாளுக்குப் போனார். மாடித் தளத்துச் சட்டங்கள் ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்றில் வெட்டிய மரம். ஒன்றுகூட மாற்றப்படவில்லை, இந்த மாவட்டத்திலேயே இவ்வளவு முழுசாக ஒரு தளம் கிடையாது, ஆகவே மனு தள்ளுபடி, அதை எந்தக் காலத்திலும் யாரும் தொடக்கூடாது. ஹிலரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷத்தை மறைக்க அவள் கைக்குட்டையைத் தேடினாள்.

"மூணாவது, கேரவன் சக்கரத்துக்கு அடியில இருந்த துண்டு," என்றார் கெம்ப். "ஆயிரத்து நானூத்தி எட்டு. முதல்ல கட்டின கூடத்தோட தடுப்பு அது. இந்த மாதிரி முழுத் தடுப்பு நாட்டுலயே விரல் விட்டு எண்ணிடலாம். மிச்சத்தை நான் பாக்கணும். எங்க வெச்சிருக்கீங்க?"

ரூபர்ட் கடப்பாறையைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தான்.

"அதை ஊருக்குக் குடுத்துட்டோம்," என்றான் ரூபர்ட்.

"நல்லது. ஊரு அதை எங்க வெச்சிருக்கு?"

ரூபர்ட் ஜன்னல் வழியாகத் திடல் இருக்கும் திசையைப் பார்த்தான். பச்சைப் புல்லுக்கு நடுவில் வட்டமாக ஒரு கருகல். இந்த ஊரில் நெசமாகவே புகையால் கறுத்தது அந்த இடம் ஒன்றுதான். கெம்ப்பும் பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் ஃபிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அனுமதி இல்லாமல் கழற்றினது ஒரு குற்றம், எரித்தது இன்னொரு குற்றம், இது கோர்ட்டுக்குப் போகிற விஷயம் என்று குரல் உயராமல் சொன்னார். செய்யச் சொன்னது யார், பெயர் வேண்டும் என்றார்.

ரூபர்ட் தொண்டையைச் செருமினான். ஹிலரிக்கு அந்தச் செருமல் தெரியும். கம்பெனியில் வாடிக்கையாளரைக் கைகழுவுவதற்கு முன்னால் போனில் செருமுகிற செருமல்.

"சட்டப்படி பாத்தா வீடு என் மனைவி பேர்ல இருக்கு," என்றான். "எல்லா மனுவுலயும் கையெழுத்து அவளோடது. ஹில், இது வெறும் சம்பிரதாயம்தான். உன் வயசுக்கு, உன் முழங்காலுக்கு, உன்னை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

அது உண்மைதான். வாடிக்கையாளர் யாராவது வழக்குப் போட்டால் சொத்து தப்பிக்க வேண்டும் என்று எதை வாங்கினாலும் அவள் பெயரில்தான் வாங்குவான். அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். படித்துப் பார்த்ததில்லை. முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக, இந்த வீடு என்னுடையதா என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் அவமானமும் வந்தது, ஏனென்றால் கேரவன் கதவைச் சாத்திக்கொண்டது யார் என்று அவளுக்குத் தெரியும். லென் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

"ரெண்டு பேரையும் எழுதுங்க," என்றாள் ஹிலரி. "கழட்டச் சொன்னதும் கொளுத்தினதும் அவன். லென் வந்து எச்சரிச்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தது நான். படுக்க ஒரு ரூம் கெடைச்சாப் போதும்னு இருந்துட்டேன்."

"ஹில்," என்றான் ரூபர்ட்.

"முதல்ல அவன் பேரு," என்றாள் அவள்.

கெம்ப் எழுதிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கிளம்பும்போது ஹிலரி அவரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். தொடக்கூடாது என்றால் அந்தத் தளத்தில் படுக்கக்கூடாதா? அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். நானூற்றைம்பது வருடமாக ஜனங்கள் அதில்தான் படுத்தார்கள், நீங்களும் படுங்கள் என்றார்.

நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஹிலரியும் லென்னும் கேரவனுக்குள் இருந்த மெத்தையை மடித்துக் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். அவள் ஒவ்வொரு படியாக, முழங்கால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறி மேலேயிருந்து இழுத்தாள், லென் கீழேயிருந்து தள்ளினார். அடுத்த வாரம் ஒழுங்கான படி ஒன்று போட்டுத் தருகிறேன், கவுன்சிலைக் கேட்டுவிட்டுத்தான் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். ஹிலரி புகைபோக்கியை ஒட்டி மெத்தையை விரித்து, கோட்டோடு படுத்தாள். குளிரத்தான் செய்தது. தடுப்பைப் பற்றி நினைத்தபோது அந்த ஆடு கண்ணில் நின்றது, கோர்ட்டை நினைத்தபோது பயமாக இருந்தது. ஆனாலும் முதுகுக்கடியில் பலகை அசையாமல் கிடந்தது.

கீழே ரூபர்ட் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். கேரவனில் மெத்தை இல்லை என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். ஏணியடியில் வந்து நின்றான்.

"ஹில், அங்க எனக்கும் கொஞ்சம் இடம் இருக்குமா?"

அவள் எழுந்து, ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்து, கீழே அவன் வழுக்கைத் தலையைப் பார்த்தாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"மாடியே வேண்டாம்னு மனுப் போட்டவன் நீதானே ரூபர்ட்," என்றாள். "கீழயே படு."

பிறகு ஏணியை மேலே இழுத்துக்கொண்டாள்.